எரிந்த கோபுரம் உள்ள ஊர்

எங்கள் தெருவில் ஒரு வீட்டைக் குளிப்பாட்டிக்கொண்டிருக்கிறார்கள். வாசலை இல்லை, சன்னலை இல்லை, வீட்டையே. எனக்கு நேர் எதிரே உள்ள வீடு. காலையிலேயே சாரம் கட்டி, மேலே இரண்டு பேர் நின்றுகொண்டு, தீயணைப்புக்காரர்கள் மாதிரி குழாயைப் பிடித்துத் தண்ணீர் அடிக்கிறார்கள். சுவரிலிருந்து மை மாதிரி கறுப்பாக ஒழுகுகிறது. அது ஒழுகிப் போன இடத்தில் மஞ்சள் செங்கல் தெரிகிறது. லண்டனில் இந்த மனோர் பார்க்குக்குக் குடிவந்த நாளிலிருந்து வீட்டுக்கு வழி கேட்டவர்களுக்கெல்லாம் "கறுப்பு வீட்டுக்கு எதிர்வீடு" என்றுதான் சொல்லி வந்திருக்கிறேன். அது மஞ்சள் வீடாம். இத்தனை வருஷம் எதிரே உட்கார்ந்து டீ குடித்தவளுக்கு அது தெரியவில்லை.

சன்னலைச் சாத்தலாம் என்று போனவள் அப்படியே நின்றுவிட்டேன். நனைந்த கரியும் நனைந்த கல்லும் கலந்த வாசனை. நல்ல வாசனை என்று சொல்ல முடியாது, மூக்கைப் பொத்தவும் தோன்றாது. இதே வாசனையை முன்பு ஒரே ஒரு தடவை முகர்ந்திருக்கிறேன். அன்றைக்கு என் பக்கத்தில் யோகன் அண்ணா உட்கார்ந்திருந்தார். அவரைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் நான் வேலை பார்த்த கடையிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

இரண்டாயிரத்துக்குப் பிந்திய முதல் சில வருஷங்கள். கும்பகோணத்திலிருந்து வந்து இறங்கியிருந்தேன். கணவருக்குக் கணினியைப் பார்க்கும் வேலை, எனக்குச் சுவரைப் பார்க்கும் வேலை. பைத்தியம் பிடிப்பதற்குள் ஏதாவது செய்யலாம் என்று, யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர் நடத்திய டிராவல்ஸ் கடையில் சேர்ந்தேன். டிராவல்ஸ் என்றுதான் பலகை. உள்ளே போன் கார்டு, படக் கேசட்டு, பார்சல், முறுக்கு எல்லாம் உண்டு. முதல் வாரம் வந்தவர்கள் பேசியதில் பாதி எனக்குப் புரியவில்லை, நான் பேசியதில் பாதி அவர்களுக்குப் புரியவில்லை. எப்படியோ டிக்கெட் மட்டும் சரியான ஊருக்குப் போனது.

அந்தக் கடையில் எனக்குப் பிடித்தது, ஊர் ஊராகப் படம் போட்டு விளம்பரத்துக்கு வரும் சுற்றுலா மலர்கள்தான். கட்டைப் பிரித்ததும் வழவழத் தாளிலிருந்து அச்சு மை வாசனை குப்பென்று வரும். மத்தியான வேளையில் அவற்றைப் புரட்டிப் புரட்டியே ஐரோப்பா முழுவதும் பார்த்துவிட்டேன். யாராவது வந்து "அங்க பாக்க என்ன இருக்கு?" என்று ஏதாவது ஒரு ஊரைச் சொல்லிக் கேட்டால் போதும், பிறந்து வளர்ந்தவள் மாதிரி அளப்பேன். ஓர் ஆறு, அதற்குக் குறுக்கே ஒரு பழைய பாலம், நடுவே சதுக்கம், சதுக்கத்தில் ஒரு தேவாலயம், பக்கத்தில் மணிக்கூண்டு. எந்த ஊருக்கும் இது பொருந்தும். போய்விட்டு வந்தவர்கள் ஒருவர்கூட என்னிடம் சண்டைக்கு வரவில்லை.

லண்டனில் அதுவரை நான் பார்த்திருந்தது எங்கள் ஸ்டேஷன், முருகன் கோவில், காய்கறிக் கடை. அவ்வளவுதான்.

அப்படி அளந்துகொண்டிருந்த ஒரு நாளில் யோகன் அண்ணா வந்தார். மினிகேப், அதாவது வாடகைக் கார் ஓட்டுகிறவர். நாற்பதை நெருங்கும் வயது, கழுத்து வரை பட்டன் போட்ட சட்டை. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

"தங்கச்சி, ஒரு டிக்கெட் போடவேணும்."

"எந்த ஊருக்கு அண்ணா?"

"அதுதான் தெரியேல்ல. எரிஞ்ச கோபுரம் ஒண்டு நிக்கிற ஊர்."

கேலி செய்கிறார் என்று நினைத்தேன். முகத்தைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. அந்த மேசையில் உட்கார்ந்தபிறகு அதுவரை யாரும் என்னை இந்த அளவு குழப்பியதில்லை. முறுக்குப் பாக்கெட்டை அவர் பக்கம் நகர்த்தி வைத்தேன்.

அன்றும் அடுத்தடுத்த முறைகளிலும் அவர் துண்டு துண்டாகச் சொன்னதை ஒட்டவைத்தால் இதுதான் கதை. சண்டைக்காலத்தில் அவரும் அவருடைய அண்ணனும் ஏஜென்ட் ஒருவன் மூலம் ஊரைவிட்டுப் புறப்பட்டிருக்கிறார்கள். ஜெர்மனிக்குப் போகிற வழி என்று சொல்லி, சன்னல் இல்லாத வேன் ஒன்றில் ஏற்றி, ஏதோ ஓர் ஊரில், ஏதோ ஒரு வீட்டின் கூரைக்குக் கீழே உள்ள அறையில் இருவரையும் பூட்டி வைத்துவிட்டான். குளிர்காலம் முழுவதும் அங்கேதான். வெளியே போகக்கூடாது, சத்தம் போடக்கூடாது. கூரையில் ஒரு சின்னக் கண்ணாடி. கட்டில் கம்பியில் ஏறி நின்றால் அதன் வழியே ஒரு கோபுரத்தின் மேல்பாதி தெரியும். உச்சியில் தொப்பி மாதிரி பச்சைக் கூரை, அதன் கீழே ஒரு மணிக்கூடு, அதாவது கடிகாரம். மற்றபடி முழுவதும் கரிக்கறுப்பு. முதல் நாள் ஏறிப் பார்த்த அண்ணன் சொன்னாராம், "எங்கட ஊரிலதான் எரிக்கிறாங்கள் எண்டு ஓடி வந்தா, இஞ்சையும் எரிச்சுப்போட்டாங்களடா."

இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்களாம். அதைச் சொல்லும்போதும் யோகன் அண்ணாவுக்குச் சிரிப்பு வந்தது.

பிறகு ஒருநாள் கார் வந்திருக்கிறது. ஒருவருக்குத்தான் இடம். "நீ ஏறு, நான் பின்னால வாறன்" என்று தம்பியை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தியவர் அண்ணன். பின்னால் யாரும் வரவில்லை. ஏஜென்டின் போனும் செத்துப்போனது. யோகன் அண்ணா எங்கெங்கோ போய் லண்டன் வந்து சேர்ந்தார். காணாமல் போனவர்களைத் தேடித்தரும் இடங்களில் ஏறி இறங்கினார். எல்லா இடத்திலும் முதல் கேள்வியே அவரை மடக்கிப்போட்டது. எந்த நாட்டில் காணாமல் போனார்? நாடு தெரியாமல் எங்கே தேடுவது, யாரிடம் கேட்பது? ஊரில் இருக்கும் அம்மா போனில் பேசும்போதெல்லாம் "கொண்ணன் கதைச்சவனோ?" என்று, உன் அண்ணன் பேசினானா என்றுதான், கேட்பாராம். இவர் ஏதாவது சொல்லிச் சமாளிப்பார். இப்போது கையில் பிரிட்டிஷ் பாஸ்போர்ட் வந்துவிட்டது. எங்கே வேண்டுமானாலும் போகலாம். ஊரின் பேர் ஒன்றுதான் வேண்டும்.

மலர்களை எல்லாம் இறக்கினோம். பச்சைத் தொப்பி போட்ட கோபுரம் ஊருக்கு ஊர் இருந்தது, எரிந்த கோபுரம் ஒன்றுகூட இல்லை. "எரிஞ்சதை விளம்பரத்தில போடமாட்டாங்கள்" என்றார் அவர். அதுவும் நியாயம்தானே. அதனால் பச்சைத் தொப்பி உள்ள ஊர்களுக்கு ஒவ்வொன்றாகப் போக ஆரம்பித்தார். மலிவு விமானங்கள் வந்த காலம். மினிகேப் ஓட்டிச் சேர்த்ததெல்லாம் அதில் போனது. திரும்பி வந்ததும் நேரே கடைக்கு வந்து படங்களை மேசையில் வைப்பார். எல்லாம் கோபுரங்கள். ஒன்றில்கூட அவர் முகம் இருக்காது.

"ஆக்களிட்டக் கேட்டனான் தங்கச்சி. எரிஞ்ச கோபுரம் எங்க எண்டு. எங்கட ஊரில ஒண்டும் எரியேல்ல எண்டுதான் சொல்லுகினம். இது இல்லை."

அடுத்த ஊர். "இதுவும் இல்லை."

வேடிக்கை என்னவென்றால், நாளடைவில் அவருக்கு 'டூர் யோகன்' என்று பேர் வந்துவிட்டது. கோவிலில் பார்க்கிறவர்கள், பிள்ளைகளோடு போக எந்த ஊர் நல்லது என்று அவரைப் பிடித்துக் கேட்பார்கள். கல்யாணம் கட்டாதவர், உழைத்த காசைச் சுற்றியே அழிக்கிறார் என்று முதுகுக்குப் பின்னால் பேசுவார்கள். அவர் மறுத்துப் பேசமாட்டார். சாப்பாடு எங்கே மலிவு, பஸ் எங்கே சுலபம் என்று பொறுமையாகச் சொல்லிக்கொடுப்பார். எனக்குத்தான் கேட்கப் பொறுக்காது.

அந்தச் சமயம் பார்த்து என் மாமியார் ஊரிலிருந்து வந்தார். லண்டன் முழுவதும் அழுக்கு என்று இறங்கிய அன்றே தீர்ப்பு எழுதிவிட்டார். ஆனாலும் ராணி வீட்டைப் பார்க்காமல் ஊர் திரும்பமாட்டாராம். கணவருக்கு லீவு இல்லை. யோகன் அண்ணா தானாகவே முன்வந்து காரை எடுத்தார். சந்து பொந்தெல்லாம் தெரிந்தவர்தான், ஆனால் எந்த இடத்திலும் காரைவிட்டு இறங்கி நின்று பார்த்ததில்லை என்றார். ஆக, லண்டன் தெரியாத மூன்று பேர் லண்டன் பார்க்கப் போனோம். ராணி வீட்டு வாசலில் ராணி வருவாரா என்று மாமியார் வெகுநேரம் காத்திருந்தார். வரவில்லை என்றதும் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டார். சமாதானப்படுத்தத்தான் செயின்ட் பால்ஸ் தேவாலயத்துக்குப் போனோம்.

அங்கே ஒரு பக்கம் சாரமும் திரையும் கட்டி வேலை நடந்துகொண்டிருந்தது. திரைக்கு இந்தப் பக்கம் பால் மாதிரி வெள்ளைக் கல். அந்தப் பக்கம், அதே சுவர், அதே தூண், கரிக்கறுப்பு. திரைக்கு அடியிலிருந்து கறுப்புத் தண்ணீர் கசிந்து நடைபாதைக்கு வந்தது. நான் சொன்ன வாசனை அதுதான்.

"ஏன் ஒரு பக்கம் மட்டும் தேய்ச்சு வச்சிருக்காங்க?" என்றார் மாமியார். "விறகடுப்புப் பானை மாதிரியில்ல இருக்கு. புளியப் போட்டுத் தேய்ச்சா மிச்சமும் போயிடும்."

யோகன் அண்ணா கறுப்புப் பக்கத்தை அண்ணாந்து பார்த்தார். பிறகு என்னிடம், "எரிஞ்சதோ எண்டு கேளுங்கோ" என்றார். படிக்கட்டில் சீருடையோடு நின்ற ஆளிடம் போய்க் கேட்டேன். தீயெல்லாம் இல்லை, நிலக்கரிப் புகை என்றார் அவர். ஊர் முழுக்கப் புகைபோக்கிகள் கக்கிய கரி காலங்காலமாகப் படிந்தது. ஐரோப்பாவில் பழைய ஊர்கள் பலவும் இப்படித்தான் கறுத்துக் கிடந்தன, இப்போது எல்லா இடத்திலும் கழுவி வருகிறார்கள் என்று சந்தோஷமாகச் சொன்னார். நான் அதை அப்படியே தமிழில் சொன்னேன்.

யோகன் அண்ணா படியில் உட்கார்ந்துவிட்டார்.

"அப்ப அது எரியேல்ல." கழுவின பக்கத்தைக் கையால் காட்டினார். "அதையும் இப்பிடிக் கழுவியிருப்பாங்கள். அதுக்குக் கீழ போய் நிண்டு, அண்ணாந்து பாத்து, இது இல்லை எண்டு சொல்லிப்போட்டு வந்திட்டன் போல, தங்கச்சி."

நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். விஷயம் எதுவும் தெரியாத மாமியார், வெயிலில் தலை சுற்றிவிட்டது போல என்று தூக்குச்சட்டியைத் திறந்து தயிர்சாதத்தை நீட்டினார். "சாப்பிடுப்பா, பசிதான்." அவர் வாங்கிச் சாப்பிட்டார். கண்ணீர் அதுபாட்டுக்கு வந்துகொண்டிருந்தது.

அந்த வாரமே படங்களை எல்லாம் எடுத்துக்கொண்டு கடைக்கு வந்தார். மேசை முழுவதும் பரப்பினோம். மஞ்சளும் வெள்ளையும் சந்தன நிறமுமாக அழகழகான கோபுரங்கள். இவற்றைக் கறுப்பாக நினைத்துப் பார்ப்பது எப்படி? கண்ணை மூடினார், திறந்தார், முடியவில்லை. என் கைப்பையில் கண்மைப் பென்சில் இருந்தது. அதை எடுத்து ஒரு படத்தில் கோபுரத்தை மட்டும் கறுப்பாக்கினேன். பச்சைத் தொப்பியையும் மணிக்கூட்டையும் விட்டுவிட்டேன். அவர் படத்தைக் கையில் எடுத்தார்.

"ஓம். இதுதான்! இதேதான் தங்கச்சி!"

பின்னால் இருந்த முதலாளியைக்கூடக் கூப்பிட்டுவிட்டேன். எதற்கும் இருக்கட்டும் என்று அடுத்த படத்தையும் கறுப்பாக்கினேன். அவர் அதையும் வாங்கிப் பார்த்தார். முன்னதைப் பார்த்தார். மறுபடி இதைப் பார்த்தார். மை தீரும்வரை நான் ஒவ்வொன்றாகத் தீட்டிக்கொண்டே போனேன். ஒவ்வொன்றும் அந்தக் கூரைக் கண்ணாடியில் தெரிந்த கோபுரமாகவே ஆனது.

"எல்லாம் அதுமாதிரித்தான் கிடக்கு" என்றார்.

நான் பென்சிலை எடுத்திருக்கவே வேண்டாம். எந்த ஊரும் இல்லை என்று இருந்தவருக்கு இப்போது எல்லா ஊரும் ஆகிவிட்டது. முதலாளி போய்த் தேநீர் வைத்தார். படங்களை அடுக்கிப் பைக்குள் போட்ட யோகன் அண்ணா எழுந்து போகவில்லை. அதே நாற்காலி நுனியில் இருந்தபடி, "முதல் போன ஊருக்கே திரும்பப் போடுங்கோ" என்றார்.

"அங்க போய் என்னண்ணா பார்ப்பீங்க?"

"தண்ணி படாத மூலை ஏதும் இருக்கோ எண்டு பாப்பன். முந்திக் கறுப்பா நிண்டதோ எண்டு கேப்பன்."

எல்லா ஊரிலும் ஆமாம் என்றுதானே சொல்வார்கள் என்று எனக்குத் தோன்றியது. இருந்தாலும் டிக்கெட்டைப் போட்டேன்.

அதற்குப் பிறகு எனக்கு மகள் பிறந்தாள், வேலையை விட்டேன். ஆளாளுக்கு வீட்டிலிருந்தே டிக்கெட் போட ஆரம்பித்ததும் முதலாளி கடையை மூடிவிட்டு மகனோடு போய்விட்டார். இப்போது அந்த இடத்தில் நகத்துக்குச் சாயம் பூசுகிறார்கள். சுற்றுலா மலர்களை எங்கேயும் காணோம். முருகன் கோவில் தேர்த் திருவிழாவில் டூர் யோகன் என்று விசாரித்தால், அப்படி ஒருவர் இருந்தார் என்கிறார்கள், எங்கே என்று தெரியவில்லை. தேடி முடித்தாரா, தேடிக்கொண்டே இருக்கிறாரா, அதுவும் தெரியவில்லை. இதற்கிடையில் மிச்சம் இருந்த கோபுரங்களையும் கழுவியிருப்பார்கள்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே போன் அடித்தது. தமிழ்க் கடையிலிருந்து அரிசி கொண்டுவரும் ஆள். "அக்கா, ரெண்டு தரம் சுத்திட்டன். கறுப்பு வீட்டைக் காணேல்ல!" எதிரே பார்த்தேன். சாரத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். உச்சி முதல் வாசற்படி வரை மஞ்சள். செருப்புகூடப் போடாமல் வெளியே ஓடி, நடுத்தெருவில் நின்று இரண்டு கையையும் தூக்கி ஆட்டினேன். தெருமுனை வரை போய்விட்ட வேன் என்னைப் பார்த்துத் திரும்பியது. அவர் இறங்கி வந்து மூட்டையை வைத்துவிட்டுப் போன பிறகும் நான் உள்ளே போகவில்லை. யோகன் அண்ணா அண்ணாந்து பார்த்துக்கொண்டு போன அத்தனை தெருக்களில், எந்த வாசலிலிருந்தாவது யாராவது ஓடிவந்து, இங்கேதான் என்று இப்படிக் கையாட்டியிருக்கக் கூடாதா.