வெள்ளைக்காரர் வாங்கிய டிவி

ஆள் நல்ல கறுப்பு. ஆனாலும் சாய ஆலையில் அவருக்கு வெள்ளைக்காரர் என்றுதான் பெயர். வெளுத்து வருகிற துணியில் எது வெள்ளை, எது வெள்ளை மாதிரி என்று பிரித்துச் சொல்வது அவர் வேலை. ஆஸ்பத்திரிகளுக்குப் போகிற படுக்கை விரிப்பு எதுவும் அவர் தலையாட்டாமல் ஆலையின் கேட்டைத் தாண்டாது. ஈரத் துணி சுமக்கும் வேலைக்குச் சேர்ந்து, கண்ணை மட்டும் நம்பி மேலே வந்த மனிதர். படிப்பு, சிபாரிசு எதுவும் கிடையாது.

அப்படிப்பட்டவர் வீட்டில் நிறத்தைப் பற்றி வேறு யார் வாய் திறப்பது? சுவருக்கு என்ன பெயிண்ட், மனைவிக்கு என்ன புடவை, எல்லாம் அவர் வைத்ததுதான் சட்டம். மகள் ஒருமுறை தன் குடையை ஊதா என்று சொல்லிவிட்டாள். அது ஊதா இல்லை, கத்தரிப்பூ நிறம் என்று திருத்தி, சாப்பாடு ஆறும்வரை விளக்கம் கொடுத்தார். அன்றிலிருந்து அவளுக்கு அது வெறும் 'அந்தக் குடை'. பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து நாளெல்லாம் பேசுகிற பெண், வீட்டில் நிறத்தின் பெயரை மட்டும் எடுப்பதில்லை.

பழைய டிவி ஒருநாள் கண்ணை மூடியது. மூவரும் கடைக்குப் போனார்கள். பெரிய டிவிகள் பக்கம் போன மகளை வெள்ளைக்காரர் இழுத்து வந்தார்.

"நம்ம கூடத்துக்கு நாப்பத்திமூணு இன்ச் போதும். அதுக்கு மேல வாங்கினா வாசல்ல உக்காந்துதான் பாக்கணும்."

பிறகு ஆரம்பித்தது பரீட்சை. வீட்டு நாற்காலி இருக்கும் தூரத்தில் நின்று பார்த்தார். மனைவி சமையலறை வாசலிலிருந்து பார்ப்பாள் என்று பக்கவாட்டில் போய் நின்றார். மகள் தரையில் சாய்ந்து பார்ப்பாள் என்று கடை நடுவில் குந்தி உட்கார்ந்தார். ஜன்னல் வெளிச்சம் திரையில் விழுந்தால் என்ன ஆகும் என்று கடைக்காரரைக் கண்ணாடிக் கதவைத் திறக்க வைத்தார். கடைக்காரர் பொறுமைசாலி. அருவியும் கிளியுமாக ஒரு படத்தைப் போட்டுக் காட்டினார்.

"கிளியெல்லாம் எதுக்குத் தம்பி? வெள்ளைத் துணி வர்ற படம் போடு."

டாக்டர்கள் கூட்டமாக வரும் ஒரு படம் கிடைத்தது. வரிசையாகப் பார்த்துக்கொண்டே போன வெள்ளைக்காரர் ஒரு டிவி முன்னால் நின்றுவிட்டார். ரொம்ப நாள் கழித்து அவர் முகம் மலர்ந்தது.

"இதான் வெள்ளை!"

"கடையில நாங்க கொஞ்சம் தூக்கலா வெச்சிருப்போம் சார். வீட்டுக்குப் போனா சாதாரணமாத்தான் இருக்கும்" என்றார் கடைக்காரர். வெள்ளைக்காரர் காதில் அது விழவில்லை.

வீட்டுச் சுவரில் மாட்டிப் பார்த்தால், அதே டிவி மஞ்சள் அடித்தது. கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று குதித்தார். அப்புறம் ரிமோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து, ஒவ்வொரு பொத்தானாக அமுக்கி, கடையில் பார்த்த வெள்ளையை எப்படியோ பிடித்துவிட்டார்.

"இப்ப பாருங்க."

பார்த்தார்கள். செய்தி வாசிக்கும் பெண் குளிரில் விறைத்தவளைப் போல நீலம் பாரித்திருந்தாள். வானிலை சொல்ல வந்தவனும் அதே கதிதான். தாயும் மகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு சமையலறைக்குள் நழுவினார்கள்.

"நீயே சொல்லேன் அப்பாகிட்ட."

"எனக்கென்ன கிறுக்கா? குடைக்கே அந்தப் பாடு."

ஆகவே வீட்டில் இரட்டை ஆட்சி நடந்தது. அவர் இல்லாதபோது மனிதர்கள் மனித நிறத்தில் வந்தார்கள். தெருமுனையில் அவருடைய ஸ்கூட்டர் சத்தம் கேட்டதும் மகள் ரிமோட்டை எடுப்பாள், எல்லோரும் நீலமாகிவிடுவார்கள். முதலில் அது இருவருக்கும் சிரிப்பாக இருந்தது. நாளாக ஆகச் சிரிப்பு நின்றுபோனது.

வெள்ளைக்காரருக்கும் உள்ளூர ஒரு பயம் இருந்தது. கொஞ்ச காலமாகவே ஆலையில் வெளிச்சம் போதவில்லை என்று டியூப்லைட்டைத் துடைக்கச் சொன்னார், மாற்றச் சொன்னார். மாற்றியும் துணி மஞ்சளாகவே வந்தது. துணிக்குக் கடைசியில் துளி நீலம் சேர்த்தால் வெள்ளை எடுப்பாகத் தெரியும். ஒவ்வொரு முறையும், நீலம் கலக்கும் தொட்டியைக் கவனிக்கிற தொட்டிக்காரரிடம் "இன்னும் கொஞ்சம் நீலம் போடு" என்றார். அவரும் "சரிண்ணே" என்றார். கண்தான் போகிறதோ என்று நெஞ்சு திக்கென்னும்போதெல்லாம் ஒரு சமாதானம் கை கொடுத்தது: நான் சொல்லிப் போட்ட நீலத்தில் ஒரு கட்டுத் துணியாவது திரும்பி வந்ததா? வரவில்லை. கண் போனவன் சொல்லி இது நடக்குமா? அதை நினைத்துத்தான் தூங்கப் போனார்.

ஒருநாள் ஆலையில் பாய்லர் கோளாறாகி எல்லோரையும் மதியமே அனுப்பிவிட்டார்கள். ஸ்கூட்டர் மெக்கானிக்கிடம் கிடந்தது. பஸ்ஸில் வந்து இறங்கி, சத்தமில்லாமல் வீட்டுக்குள் நுழைந்தார். மகளுக்கு அன்று விடுமுறை. டிவியில் வந்த முகமெல்லாம் காமாலைக்காரன் முகமாக அவருக்குத் தெரிந்தது.

"யாரு இதைத் தொட்டது?"

மகள் ரிமோட்டைத் தேடினாள். அது கைக்கு அகப்படவில்லை.

"டிவி கெட்டுப்போச்சு. கடைக்காரனை வரச் சொல்லு."

"டிவி நல்லாத்தாம்பா இருக்கு." என்றாள் அவள். "நீங்க வெச்சதுலதான் எல்லாரும் நீலமா தெரியறாங்க. நீங்க வர்றப்ப மாத்தி வெச்சுடுவோம்."

"என்னங்க, கண் டாக்டர்கிட்ட ஒரு எட்டுப் போய்ட்டு வந்துடலாமே" என்றாள் மனைவி.

"எம் கண்ணையா சொல்றே?" வெள்ளைக்காரர் கத்தினார். "எத்தனை கட்டுத் துணிக்கு நீலம் கூட்டச் சொல்லியிருக்கேன்! ஒரு முழம் திரும்பி வந்திருக்குமா? எங்கண்ணு தப்புன்னா ஆஸ்பத்திரிக்காரன் சும்மா விடுவானா?"

மனைவி தரையைப் பார்த்தாள். சொல்லக்கூடாது என்று இருந்தவள்தான். ஆனால் அவர் அந்த ஒரு கயிற்றைப் பிடித்துக்கொண்டு தொங்குவதைப் பார்க்க அவளுக்குத் தாங்கவில்லை.

"அவர் போடலைங்க."

"யாரு?"

"தொட்டிக்காரர். நீங்க சொல்ற நீலத்தை அவர் போடறதே இல்லையாம். சரிண்ணேன்னு சொல்லிட்டுச் சும்மா இருந்துடுவாராம். இங்க வந்து சொல்லி அழுதாரு. உங்ககிட்ட சொல்ல வேணாம்னு எங்கிட்டச் சத்தியம் வாங்கிட்டுப் போனாரு."

வெள்ளைக்காரர் நாற்காலியில் உட்கார்ந்தார். எதிரே காமாலை முகங்கள் பேசிக்கொண்டிருந்தன. மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அவள் முகத்திலும் அதே மஞ்சள் இருந்தது. இத்தனை நாள் அது அவர் கண்ணில் படவே இல்லை. அவமானமாக இருந்தது. அதைவிட, எல்லோரும் சேர்ந்து தன்னைக் குழந்தையாக்கிவிட்டார்கள் என்பதுதான் நெஞ்சை அறுத்தது.

மறுநாள் காலையில் ஆலைக்குப் போனார். தொட்டிக்காரர் நீலக் குவளையோடு வழக்கமான இடத்தில் நின்றார்.

"எவ்வளவு போடட்டும்ணே?"

தினமும் இதே பணிவோடுதான் கேட்டிருக்கிறான், கொட்டாமல் விடப்போகிற நீலத்துக்கு.

"வேணாம்."

தொட்டிக்காரரின் கை தாழ்ந்தது. குவளையைக் கீழே வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்து முதலாளி வந்தார். கூட ஆஸ்பத்திரி ஆள். முதலாளி வெளுத்த விரிப்பு ஒன்றை விரித்துப் பிடித்து, "என்ன, வெள்ளை எப்படி?" என்றார். தொட்டிக்காரர் முதலாளியின் முதுகுக்குப் பின்னால் நின்று, நன்றாக இருக்கிறது என்று சொல்லும்படி மெல்லத் தலையை ஆட்டினார்.

அதைப் பார்த்தபடியே வெள்ளைக்காரர் சொன்னார்: "எனக்குத் தெரியலை முதலாளி."

மிஷின் இரைச்சலில் முதலாளிக்குக் கேட்கவில்லை. காதருகே கையை வைத்துக்கொண்டு, "என்ன சொன்னே?" என்றார்.

இரண்டாவது தடவை அதைச் சத்தமாகச் சொல்ல வேண்டியிருந்தது.