குவியலுக்குப் போர்த்திய முக்காடு

நறுக்கிப் புளிக்கப் போட்ட தேன்புதர்க் குவியலுக்குள் முழங்கைவரை கையை நுழைத்து, சூடு தாங்காமல் வெடுக்கென்று உருவி, உள்ளங்கையை மூக்கில் பொத்திக்கொள்கிறாள் ஹெஸ்டர் செப்டம்பர். அரிவாள்காரிகள் நாங்கள் சுற்றி நின்று அவள் முகத்தையே பார்க்கிறோம். "இன்னும் புல்லு வாசனைதான் அடிக்குது. தேன் வாசனை வரல. மூடுங்கடி!"

ஐம்பத்திரண்டு வயது. அவள் சிரித்தால் கூகா மலையின் குரங்குகள் பதில் கொடுக்கும். அந்த மலையில் நாங்கள் தேநீருக்காக அறுக்கும் தேன்புதர் ஒரே வகையல்ல. ஊசி இலை, அகல இலை, உச்சிப்பாறையில் ஒண்டியிருப்பது என்று எத்தனையோ. எல்லாம் மஞ்சளாகத்தான் பூக்கும்; குணம்தான் வேறு. சரிவில் வளர்வதைத் தரையோடு அறுத்தாலும் வேரிலிருந்து துளிர்க்கும். ஓடைக்கரையில் நிற்பதை அப்படி அறுத்தால் செத்துப்போகும். ஹெஸ்டர் இரண்டோடும் பேசுவாள். "நீ என் மாமியார் மாதிரி, எத்தனை தடவை அனுப்பினாலும் திரும்ப வந்துடுவ," என்பாள் ஒன்றிடம். மற்றதிடம் குரல் தணியும்: "பயப்படாதடி கண்ணு, முழங்கால் உயரம் விட்டுத்தான் எடுப்பேன்."

கணவரை இழந்து பல வருடம் தனியாக இருந்தவள். ஆப்பிள் லாரி ஓட்டும் ஆபெல் அவளைப் பெண் கேட்டு வந்தார். அவள் நீட்டிய தேன்புதர்த் தேநீரைப் பார்த்து, "காப்பி இல்லையா?" என்று கேட்டுவிட்டார்.

"இருக்கே, உங்க வீட்டுல," என்று கதவைத் திறந்துவிட்டாள்.

அடுத்த ஞாயிறு மறுபடி வந்து, அதே தேநீரை மூன்று குவளை குடித்தார். "எப்படி இருக்கு?" என்றாள். "கட்டிக்கலாம் போல இருக்கு," என்றார்.

போன வருடம் கல்யாணம். மழையால் அறுவடை தள்ளிப்போய், அந்த வாரம்தான் நறுக்கிக் குவித்திருந்தோம். எங்கள் குழுவின் அத்தனை வீட்டுக்கும் அந்தப் பருவத்தில் அது ஒன்றுதான் வருமானம். அந்தச் சரிவில் மறுபடி அரிவாள் வைக்க மூன்று வருடமாவது ஆகும். மாலையில் கிளறினால் போதும் என்று நினைத்தோம். அன்று அடித்த வெயிலில் குவியல் முன்னதாகவே கொதித்துவிட்டது. உடனே கிளறி ஆற்றாவிட்டால் தேன் மணம் போய்ப் புளித்து, மொத்தமும் வீணாகிவிடும்.

பாஸ்டர் கடைசி ஜெபத்தில் இருந்தார். குவியல் கிடந்த முற்றத்துப் பக்கமிருந்து சர்ச் ஜன்னல் வழியாகக் காற்று வந்தது. குனிந்திருந்த மணப்பெண்ணின் தலை விருட்டென்று நிமிர்ந்தது.

"பாஸ்டர், சீக்கிரம் ஆமென் சொல்லுங்க. குவியல் புளிக்குது!"

அவர் ஆமென் சொல்லி முடிக்குமுன் வெள்ளைக் கவுனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவள் வாசலில் இருந்தாள். பின்னால் ஆபெல், அவருக்குப் பின்னால் ஊர்.

"அண்ணி, இன்னிக்கு ஒரு நாளாவது மணப்பெண்ணா இருக்கக் கூடாதா?" என்று நாத்தனார் மிரியம் ஓடிக்கொண்டே கத்தினாள்.

"இருக்கேனே! நீ அந்தக் கவைக்கம்பை எடு!"

கோட்டுகள் வேலியில் தொங்கின. பாஸ்டரும் சட்டைக் கையைச் சுருட்டினார். ஆபெல் வாரி வாரி எறிந்தார். "லாரியில சரக்கு ஏத்துற மாதிரி எறியாதீங்க, புரட்டிப் போடுங்க!" என்று புதுக் கணவருக்கு முதல் திட்டு விழுந்தது. குப்பென்று ஆவி கிளம்பியது. புளிப்பு காற்றில் கரைந்து போக, அடியில் பழுப்பேறியிருந்த தழையிலிருந்து மெல்லத் தேன் மணம் எழுந்தது. ஹெஸ்டர் ஒரு பிடி அள்ளி முகர்ந்தாள். "பிழைச்சுட்டோம்டி!" அவள் போட்ட சத்தத்தில் அக்கார்டியன்காரர் அங்கேயே வாசிக்க ஆரம்பித்தார். விருந்துப் பாத்திரங்களும் முற்றத்துக்கே வந்தன.

எல்லோரும் புரட்டியதில் குவியல் அகன்றுவிட்டது. மூடுகிற சாக்குகள் போதவில்லை; ஒரு மூலை வெயிலில் திறந்து கிடந்தது. ஹெஸ்டர் தலையிலிருந்த முக்காட்டை ஊசி ஊசியாகக் கழற்றினாள். அதை நான்காக மடித்து அந்த மூலையில் விரித்து, தூங்கும் பிள்ளைக்குச் செய்வதுபோல் ஓரங்களை உள்ளே செருகிவிட்டாள்.