எழுத்தக்கா எண்ணிய மூன்று

பள்ளிக்கூடத்தைப் பெருக்கித் துடைக்கும் அந்த அம்மாளுக்குப் படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றுபோனது. அரைகுறைப் படிப்பு எதற்கும் உதவாது என்று புருஷன் வீட்டில் சொல்லிக்காட்டாத நாளில்லை. உதவியது. கண் தெரியாத பிள்ளைகள் சொல்லச் சொல்லப் பரீட்சை எழுதித் தருகிறவர், அந்தப் பிள்ளையைவிடக் குறைவாகப் படித்திருக்க வேண்டும் என்பது விதி. குறைந்த படிப்பும் முத்து முத்தான கையெழுத்தும் ஒரே ஆளிடம் அமைவது லேசில்லை. பரீட்சை வந்தால் விளக்குமாற்றை மூலையில் சாத்திவிட்டுப் பேனாவை எடுப்பாள், பதினோரு வருஷமாக. பிள்ளைகள் வைத்த பேர் எழுத்தக்கா.

பதினோரு வருஷம் எழுதினால் கல்லுக்கும் பாடம் ஏறும். இவளுக்கு ஏறியதுதான் வினையாயிற்று.

இந்த வருஷம் பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்திக்கு எழுதினாள். அறிவியல் பரீட்சையில், பித்தநீர் எங்கே சுரக்கிறது என்ற கேள்வியை எழுத்தக்கா வாசித்தாள்.

"பித்தப்பை," என்றாள் பெண். பேனா ஒரு நொடி நின்றது. "இல்லக்கா, கல்லீரல்னு எழுதுங்க."

வெளியே வந்ததும் பெண் பொரிந்து தள்ளினாள். "நீங்க நின்னதாலதான் மாத்தினேன்."

"நான் வாயே தொறக்கலியே கண்ணு."

"உங்க பேனா சொல்லிடுச்சே! நான் நல்ல மார்க் வாங்கினா, அக்கா சொல்லிக் குடுத்ததுன்னு எல்லாரும் சொல்வாங்க. தப்புன்னாலும் அது என்னோடதா இருக்கணும்."

எழுத்தக்காவுக்குச் சுருக்கென்றது. எத்தனை பிள்ளைகள் இவள் பேனா நிற்பதைக் கேட்டுப் பதிலை மாற்றினார்களோ, யார் கண்டது. ஆனால் தப்பு என்று தெரிந்தால் கை தானாக நிற்கிறதே, என்ன செய்ய? சாயங்காலம் நாலு வகுப்பறை பெருக்கி முடிப்பதற்குள் வழி கிடைத்துவிட்டது.

சமூக அறிவியல் அன்று ஒவ்வொரு பதிலுக்கும், சரியோ தப்போ, மனசுக்குள் மூன்று எண்ணிவிட்டே எழுதினாள். நாலாவது கேள்வியில் பெண் சங்கதி புரிந்து சிரித்துவிட்டாள்.

பூகோளப் பகுதியில் ஒரு கேள்வி: கோள்களில் மிக வெப்பமானது எது?

"புதன்."

வெள்ளி, வெள்ளி என்று எழுத்தக்காவின் மனசு அடித்துக்கொண்டது. பெண் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தாள். ஒன்று. இரண்டு. மூன்று. புதன் என்று எழுதினாள்.

வெளியே வந்து பெண் கேட்டாள்: "அந்தக் கோள் கேள்வி சரியாக்கா?"

"தப்பு கண்ணு. ஒரு மார்க் போச்சு."

பெண் அவள் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டாள். "போகட்டும். அப்ப மிச்சமெல்லாம் நான் வாங்கினதுதானே?"