புரூனோவுக்குத் தெரிந்த ஜேர்மன்

மகள் குசினியில் ஒரு போத்தலைத் திறந்தாள். புளித்த முட்டைக்கோவாவின் வாசம், ரோவில் புறநகரில் உள்ள எங்கள் வீடு முழுக்கப் பரவியது. வயிற்றுக்கு நல்லதென்று இப்போது எல்லோரும் இதை வாங்குகிறார்கள். எனக்கோ சின்ன வயதில் நாங்கள் இருந்த டண்டினொங்கில் பக்கத்து வீட்டு ஹெல்கா அன்ரியின் ஷெட்தான் நினைவுக்கு வந்தது.

அன்ரி சின்ன வயதில் ஜேர்மனியிலிருந்து வந்தவர். கோவாவை மெல்லிசாக அரிந்து, உப்புப் போட்டுப் பிசைந்து, சாடியில் அமுக்கி, மேலே ஒரு கல்லை வைப்பார். மணம் பிடிக்காத கணவரும் மகன் பீட்டரும் அந்தச் சாடியை வீட்டுக்குள் விட்டதில்லை. ஷெட்டில் அவருக்குத் துணை புரூனோ என்ற கிழட்டு நாய். அதனோடு மட்டும் அவர் ஜேர்மன் மொழியில் கதைப்பார். "கொம்" என்றால் வரும். "பிளாட்ஸ்" என்றால் படுத்துவிடும். தன் அம்மா நாயிடம் என்ன சொல்கிறார் என்று, எனக்கு ஏதோ தெரியும் என்பதுபோல, பீட்டர் என்னிடம் கேட்பான்.

பள்ளிக்கூடத்தில் பகிடி பண்ணுவார்கள் என்று பயந்து, அன்ரி அவனுக்கு அந்த மொழியைச் சொல்லிக்கொடுக்கவில்லையாம்.

"நாய்க்கு விளங்கிற பாஷை பெத்த பிள்ளைக்கு விளங்கேல்லை. பாவம் மனுசி," என்பார் என் அம்மா. நாங்கள் சிரிப்போம்.

புரூனோ செத்த பிறகு வேலிக்கு அப்பால் ஜேர்மன் கேட்கவேயில்லை.

இப்போது மகளின் போத்தல் மணம் பிடித்துக்கொண்டு எங்கள் பூனை மேசையில் தாவி ஏறியது.

"இறங்கு கீழ. அடி வாங்கப் போறாய்," என்றேன்.

பூனை உடனே இறங்கிவிட்டது. மகள் போனிலிருந்து நிமிர்ந்து, பூனையிடம் என்ன சொன்னீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.