விக்டோரியா டீச்சரின் சிவப்பு டிக்

விக்டோரியா டீச்சருக்கு இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். அவனியாபுரத்தில் மிஷன் நடத்தும் ஒரு நடுநிலைப் பள்ளியில், தமிழ் வழி ஏழாம் வகுப்புக்கு அறிவியல் எடுத்தார். அடுத்த ஜூனில் தலைமை ஆசிரியை ஓய்வு பெறப் போகிறார். அந்த நாற்காலி தனக்குத்தான் என்று டீச்சர் முடிவு கட்டி மூன்று வருஷம் ஆகியிருந்தது. குறுக்கே நின்றது அவருடைய உடம்பு ஒன்றுதான்.

2004-ஆம் வருஷம் தொடங்கியதிலிருந்தே அவரால் கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியவில்லை. அதனால் கரும்பலகையின் கீழ்ப்பாதியில் மட்டும் எழுதினார். முன்வரிசைக் குட்டைப் பிள்ளைகளுக்கு அப்படி எழுதினால்தான் தெரியுமாம். அதற்கு முந்தைய இருபத்தோரு வருஷமும் குட்டைப் பிள்ளைகள் அங்கேதான் உட்கார்ந்திருந்தார்கள் என்பது அவருக்கு வசதியாக மறந்துபோனது. நாற்காலியிலிருந்து எழ வேண்டுமென்றால் தொடைமேல் இரண்டு கையையும் ஊன்றி, தன்மேலேயே தான் ஏறுகிற மாதிரி எழுந்தார். காலையில் கொண்டை போட்டுவிட்டது கணவர் ராயப்பன். தாலுகா ஆபீஸ் கிளார்க். பழைய ஃபைலைக் கட்டுகிற மாதிரி இறுக்கித்தான் கட்டுவார். பாவம், நல்ல மனுஷன்.

“நல்ல டாக்டர்ட்ட ஒருக்கா காமிப்போமே விக்டோரியா.”

“காமிச்சா மேனேஜ்மென்ட் காதுக்குப் போயிரும். நாப்பத்தேழு வயசாச்சு, மூட்டு தேயத்தான் செய்யும். பேரையூர் எண்ணெய் இன்னொரு பாட்டில் வாங்கிட்டு வாங்க, போதும்.”

ஜூலையில் ஆசிரியர்களுக்கு இரண்டு நாள் கம்ப்யூட்டர் பயிற்சி. முப்பது பேருக்கு ஒரே ஒரு கம்ப்யூட்டர். டீச்சர் கடைசி வரிசையில் இருந்து அதன் முதுகைப் பார்த்தார், வடையும் டீயும் சாப்பிட்டார், சான்றிதழோடு திரும்பினார். மறுநாளே வகுப்பில் அறிவித்துவிட்டார்.

“எல்லாரும் இன்டர்நெட்ல எலும்பு நோய், தசை நோய் பத்தி ஆராய்ச்சி பண்ணிட்டு வரணும். கலர் படம் இருக்கணும். ஸ்பைரல் பைண்டிங் இருக்கணும். யார்டது கனமா இருக்கோ அவங்களுக்கு பத்துக்குப் பத்து.”

நாற்பத்தாறு பேரும் ஆராய்ச்சிக்குக் கிளம்பினார்கள். பஸ் ஸ்டாப்புக்குப் பக்கத்தில் கிரிதரன் என்ற சௌராஷ்டிரா இளைஞன் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தான். முதல் பையனுக்காக ஏதோ ஓர் அமெரிக்க வெப்சைட்டிலிருந்து இருபது பக்கம் எடுத்தான். அதற்கப்புறம் தேடுவதற்கு என்ன இருக்கிறது? அடுத்து அதே வகுப்பு ஆல்பின் உள்ளே எட்டிப் பார்த்ததுமே கிரிதரன், “எலும்புதான மாப்ள? ரெடியா இருக்கு. பேரு மட்டும் சொல்லு” என்றான். இரண்டு நிமிஷத்தில் ஆராய்ச்சி முடிந்தது.

வகுப்பில் ஹெப்சிபா என்ற பிள்ளை மட்டும்தான் காரியத்தைக் கெடுத்தாள். கிரிதரன் கொடுத்த இருபது பக்கத்தை வீட்டுக்குக் கொண்டுபோய், அக்காவின் ஆங்கில அகராதியை வைத்துக்கொண்டு ஒரு வாரம் உட்கார்ந்து படித்தாள். அந்தப் பிள்ளைக்கு வேறு வேலை இல்லை போல. புரிந்ததையெல்லாம் கோடு போட்ட தாளில் தமிழில் எழுதினாள். படம் இல்லை, பைண்டிங் இல்லை, மூலையில் ஒரு குண்டூசி.

டீச்சர் திருத்திய அழகைச் சொல்ல வேண்டும். பக்கத்துக்கு ஒரு சிவப்பு டிக், கடைசியில் ‘குட்’. ஒரே கட்டுரையை நாற்பத்தைந்து தடவை திருத்துகிறோம் என்பது கடைசி வரை அவருக்குத் தெரியவில்லை. “சந்தேகம் இருந்தால் உங்கள் பள்ளி நர்ஸைக் கேளுங்கள்” என்று ஆங்கிலத்தில் இருந்த வரிக்கும் டிக் விழுந்தது. அந்தப் பள்ளியில் முதலுதவிப் பெட்டிக்குள் சாக்பீஸ்தான் இருந்தது. ஹெப்சிபாவின் தாள்களையும் டிக் போட்டபடியே தள்ளினார். நாற்பத்தாறிலும் அவருக்குப் புரிகிற மொழியில் இருந்தது அது ஒன்றுதான். ‘படம் இல்லை, 5/10’ என்று எழுதி மூடினார். தாளாளர் ஒரு ஃபைலைக் கையில் தூக்கிப் பார்த்து, “பிரமாதம் டீச்சர், நல்ல வெயிட்” என்று பாராட்டினார். டீச்சருக்குப் பெருமை தாங்கவில்லை.

மார்ச்சில் மாடிப்படியில் கால் ஏறவில்லை. ஆறாவது படியிலிருந்து, பள்ளிக்கூடமே பார்க்க, உருண்டார். தூக்கப் போனவர்கள் கை கொடுத்தும் எழ முடியவில்லை. பெரிய ஆஸ்பத்திரியில் தொடையிலிருந்து தசைத் துணுக்கு எடுத்துச் சோதித்தார்கள். “இது மூட்டுத் தேய்மானம் இல்லம்மா, தசை அழற்சி. பாலிமயோசைட்டிஸ்னு பேரு. ஏழெட்டு மாசம் முன்னாடி வந்திருந்தா இம்புட்டு தசை போயிருக்காது. இனிமே மாத்திரையில கட்டுப்படும், ஆனா போனது பூராத் திரும்பும்னு என்னால சொல்ல முடியாது” என்றார் டாக்டர். ராயப்பன் வராந்தாவுக்குப் போய் அழுதார். ஜூனில் நாற்காலி வேறொருவருக்குப் போயிற்று.

ஒரு சனிக்கிழமை ஆல்பினும் ஹெப்சிபாவும் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வீட்டுக்கு வந்தார்கள். டீச்சர் கட்டிலில் சாய்ந்திருந்தார். படுத்த படுக்கையிலும் பாடம் நடத்தாமல் இருக்க முடியவில்லை.

“சாதாரண நோய் இல்லடா. பாலிமயோசைட்டிஸ். மதுரையில எம்புட்டு டாக்டருக்கு இந்தப் பேரு தெரியும்ங்கிற?”

ஆல்பின் மரியாதையாக வாயைப் பிளந்தான்.

“பதினோராம் பக்கம் டீச்சர்” என்றாள் ஹெப்சிபா.

“எதுல?”

“நாங்க குடுத்த ப்ராஜெக்ட்ல. எல்லார் ஃபைல்லயும் இருந்துச்சு. கை தூக்க வராது, உக்காந்தா எந்திரிக்க வராது, படி ஏற வராதுன்னு போட்டிருந்துச்சு. சீக்கிரமா பாத்தா நல்லா ஆயிரும்னும் போட்டிருந்துச்சு.”

டீச்சருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. தன் மேல் வர வேண்டிய கோபம், வழக்கம்போல் பிள்ளைமேல் வந்தது.

“தெரிஞ்சிருக்குல்ல? அப்பவே என்கிட்ட சொல்றதுக்கு என்னடி?”

ஹெப்சிபா தரையைப் பார்த்தாள்.

“நேர்ல சொல்லப் பயமா இருந்துச்சு டீச்சர். அதான் கடைசிப் பக்கத்துல எழுதினேன். ‘எங்கள் டீச்சருக்கு இது இருக்கலாம், உடனே டாக்டரிடம் போக வேண்டும்’னு. நீங்க அதுக்கும் டிக் போட்டிருந்தீங்க.”