பேச முடியாத போன்

தொண்ணூறுகளின் கடைசியில் கிண்டியில் ஒரு கம்பெனியில் எனக்கு வேலை. இன்னும் கடைக்கு வராத செல்போன் ஒன்றைக் கொடுத்து, அதற்குள் ஓடும் மென்பொருளைக் குடைந்து பார்த்துப் பிழை கண்டுபிடிக்கச் சொல்லியிருந்தார்கள். வெளியாள் யாரும் அதைத் தொடக்கூடாது என்று கண்டிப்பான உத்தரவு.

சிக்னல் பார்ப்பதற்காக ஒரு வாரம் கொட்டிவாக்கம் கடற்கரைக்குப் போய்வந்தேன். அங்கே மீன் விற்ற அம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். யாரிடம் பேசினாலும் முதலில் ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொள்வார். ஒருநாள் அப்படித் துடைத்துவிட்டு, இடுப்பில் செருகியிருந்த சீட்டை என்னிடம் நீட்டினார்.

"நைனா, என் பொண்ணு பிரசவத்துக்கு ஆஸ்பத்திரில கீறா. இந்த நம்பருக்கு ஒரு போன் போட்டுக் குடேன். இன்னா ஆச்சின்னு கேட்டுக்கிறேன்."

"இதுல பேச முடியாதும்மா. இது சும்மா டெஸ்ட் பண்றதுக்கு," என்றேன்.

சொல்லி வாய் மூடுவதற்குள் போன் அடித்தது. ஆபீசிலிருந்து நண்பன். அந்த அழைப்பும் சோதனையில் சேர்த்திதான், எடுக்காமல் இருக்க முடியவில்லை.

அந்த அம்மா என்னைத் திட்டியிருந்தால் தேவலை. "பேசு நைனா, உன் வேலையப் பாரு," என்று சீட்டை மடித்துச் செருகிக்கொண்டார். மீன்கூடையை அப்படியே விட்டுவிட்டு, டெலிபோன் பூத் தேடி வெயிலில் மெயின் ரோட்டுப் பக்கம் நடந்தார். நான் "கேக்குது, நல்லா கேக்குது" என்று போனில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அந்த மாடலைக் கம்பெனி பிறகு கைவிட்டுவிட்டது. ஒரு நிமிடம் பேசக் கொடுத்திருந்தால் யாருக்கும் எதுவும் ஆகியிருக்காது. அவர் பெண்ணுக்கு என்ன குழந்தை பிறந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.