காந்தம் ஒட்டாத ஷக்கிள்

என்னைக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போவதென்றால் என் கணவருக்குக் கசாயம் குடிப்பது மாதிரி. கத்தரிக்காயைக்கூட ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்துத்தான் பையில் போடுவேன். துணிக்கடையில் சாயம் போகுமா என்று ஈர விரலால் தேய்த்துப் பார்ப்பேன். விஞ்ஞான ஆசிரியைக்கு இதெல்லாம் வாடிக்கை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். அவரோ கடை வாசலிலேயே நின்று தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

நான் பிறந்து வளர்ந்தது வட்டக்கச்சியில், வயலுக்கு நடுவே. எனக்குத் தெரிந்த தண்ணீர் இரணைமடுக் குளத்திலிருந்து வாய்க்காலில் வரும். மதகுக் கதவைத் திறந்தால் வரும், மூடினால் நிற்கும். கல்யாணம் கட்டி முல்லைத்தீவுக் கரைக்கு வந்த பிறகுதான் யார் சொல்லையும் கேட்காத தண்ணீரைப் பார்த்தேன். இத்தனை வருடமாகியும் முழங்காலுக்கு மேல் நான் கடலில் இறங்கியது கிடையாது. அவர் விடியப்புறம் படகைத் தள்ளிக்கொண்டு போனால், திரும்பி வந்து கிணற்றடியில் கால் கழுவும் சத்தம் கேட்கும்வரை எனக்கு ஒரு வேலையும் ஓடாது. பயமாயிருக்கிறது என்று சொன்னால் கரைப் பெண்கள் சிரிப்பார்கள். ஆகவே அந்தப் பயத்தை எல்லாம் படகுச் சாமான் வாங்குவதில் காட்டினேன்.

அவரும் பக்கத்து வீட்டுக்காரரும் சேர்ந்துதான் தொழிலுக்குப் போகிறவர்கள். போன வருடம் இருவருமாகப் புது ஃபைபர் படகு ஒன்று எடுத்தார்கள். சாமான் வாங்கப் போகும் நாளில், பள்ளிக்கூடம் இல்லாத நாள் பார்த்து, நானும் வெளிக்கிட்டு நின்றேன். "நீர் ஏன் மினக்கெடுறீர்? நாங்கள் வாங்கிக்கொண்டு வாறம்" என்றார். நான் அவருடைய மோட்டார் சைக்கிளில் ஏறி உட்கார்ந்துவிட்டேன்.

என் கைப்பைக்குள் ஒரு காந்தம் எப்போதும் கிடக்கும். பழுதாய்ப்போன வானொலியின் ஸ்பீக்கரிலிருந்து கழற்றியது. தரம் ஆறு பிள்ளைகளுக்குக் காந்தப் பாடம் நடத்துவதற்காக வைத்திருந்தேன். இரும்பைப் பிடிக்கும், துருப்பிடிக்காத நல்ல சில்வரைப் பிடிக்காது. குடம், சட்டி, கரண்டி என்று எதை வாங்கினாலும் அந்தக் காந்தத்தைத்தான் முதலில் வைத்துப் பார்ப்பேன். கரைப் பெண்களுக்கு அது ஒரு வேடிக்கையாகத் தொடங்கி, பிறகு மரியாதையாக மாறியிருந்தது. "ரீச்சரின்ர காந்தம்" என்று அதற்குப் பெயரே இருந்தது.

கடையில் கயிற்றை நான் விரித்துப் பார்த்தேன். முறுக்கைப் பிரித்து உள் இழையை நகத்தால் இழுத்தேன். உயிர்காப்பு அங்கி இரண்டை எடுத்து, வார்களைப் பிடித்து என் பலம் கொண்ட மட்டும் இழுத்தேன். தையல் விடவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் சிரித்தார். கரையில் அந்த அங்கிகளைப் படகில் உட்காரும் பலகைக்கு மெத்தையாகத்தான் எல்லோரும் பாவிப்பார்கள் என்று எனக்கும் தெரியும். தெரிந்தும் நல்லதாகவே எடுத்தேன்.

கடைசியாக வந்தது ஷக்கிள். நங்கூரத்தையும் கயிற்றையும் பூட்டுகிற சாமான் அது. லாடம் மாதிரி வளைந்து, வாய்க்குக் குறுக்கே ஓர் ஆணி திருகப்பட்டிருக்கும். உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். பழைய படகிலிருந்த இரும்பு ஷக்கிளை என் கணவர் கையோடு கொண்டு வந்திருந்தார். கறள் பிடித்து, துரு செதில் செதிலாக உரிந்து, பார்க்கவே அருவருப்பாக இருந்தது. கடைக்காரர் புதிதாக ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார். வெள்ளி மாதிரி மினுங்கியது.

"இது சில்வர் ரீச்சர். உப்புத் தண்ணிக்குள்ள எத்தினை வருசம் கிடந்தாலும் கறள் எண்ட பேச்சே இல்லை."

நான் காந்தத்தை எடுத்தேன். பழைய ஷக்கிளில் சடக்கென்று ஒட்டியது. புதியதில் ஒட்டவில்லை. ஆணியில் வைத்தேன், அதிலும் ஒட்டவில்லை. நான் வென்றவள் போல என் கணவரைப் பார்த்தேன்.

அவர் இரண்டு ஷக்கிளையும் கையில் எடுத்து, சிமெந்துப் படியில் ஒவ்வொன்றாகத் தட்டினார். காதைச் சாய்த்துக் கேட்டார். பழையது கணீரென்றது. புதியது தட்டென்று அமுங்கியது.

"இதின்ர சத்தம் சரியில்லை. பழசே காணும்" என்றார்.

"இதென்ன கோயில் மணியே, சத்தம் கேட்டு வாங்க?" என்றேன். கடைக்காரரும் பக்கத்து வீட்டுக்காரரும் சிரித்துவிட்டார்கள். அவரும் சிரித்தார். நாலு பேருக்கு முன்னால் என்னோடு வாதாடுகிற மனிதர் அல்ல அவர். அந்தக் குணத்தை நான் எத்தனையோ தடவை எனக்குச் சாதகமாகப் பாவித்திருக்கிறேன். அன்றும் பாவித்தேன். பழைய ஷக்கிளை அடுத்த நாளே பழைய இரும்பு எடுக்க வந்தவரின் பெட்டியில் போட்டேன்.

ஏழு மாதம் ஒரு குறையும் இல்லை. ஷக்கிள் மினுங்கிக்கொண்டே இருந்தது. நான் இடைக்கிடை கரைக்குப் போய் அதைப் பார்த்துவிட்டு வருவேன். அதைப் பார்த்தால் மனதுக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருக்கும்.

சோளகம் தொடங்கியிருந்த நேரம். எங்கள் கரையில் சோளகம் தரையிலிருந்து கடலுக்கு வீசும். கரையோரம் கடல் அலையில்லாமல் படுத்துக் கிடக்கும். ஆனால் எஞ்சின் நின்ற படகை அந்தக் காற்று வெளியே, வெளியே என்று தள்ளிக்கொண்டு போய்விடும். அப்போது படகைப் பிடித்து வைப்பதற்கு நங்கூரத்தைத் தவிர வேறொன்றும் கிடையாது.

இடைவேளை மணி அடித்து நான் வகுப்பிலிருந்து வெளியே வந்தபோது அவரது அழைப்பு வந்தது. கடலிலிருந்து அவர் ஒருநாளும் எடுப்பதில்லை.

"எஞ்சின் நிண்டிட்டுது. கரையில ஆரிட்டையும் சொல்லி ஒரு போட்டை அனுப்பச் சொல்லும்."

"நங்கூரம் போட்டனீங்களே?"

"போட்டனாங்கள். அது போச்சு."

"எது அறுந்தது?"

"அதை விடும்" என்றார். "ஜக்கெற் போட்டிட்டம். நீர் பயப்பிடாதையும்."

ஒருநாளும் அந்த அங்கியைப் போடாத மனிதர் போட்டுவிட்டேன் என்று சொன்னால் நான் எப்படிப் பயப்படாமல் இருப்பது? அழைப்பு அறுந்தது. திரும்ப எடுத்தேன். கிடைக்கவில்லை. அதிபரிடம் சொன்னேனா, சொல்லாமல் ஓடினேனா என்பதுகூட நினைவில்லை.

நான் கரைக்கு வந்து சொன்ன கையோடு மூன்று படகுகள் போய்விட்டன. அதோடு நான் செய்யக்கூடியது எல்லாம் முடிந்துபோயிற்று. வயலில் வரம்பு உடைந்தால் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு ஓடலாம். இங்கே மணலில் நிற்பதைத் தவிர எனக்கு ஒரு வேலையும் இல்லை. எந்தப் பக்கம் பார்ப்பது என்றுகூடத் தெரியவில்லை. பதினொரு மணி வெயிலில் கடல் முழுவதும் ஒரே மினுக்கம். அதற்குள் ஒரு படகைக் கண்டுபிடிக்க என் கண்ணுக்குப் பழக்கமில்லை.

பக்கத்து வீட்டுக்காரி வந்து என் அருகில் இருந்தாள். அவளுடைய மனுசனும் அதே படகில்தானே. என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"நீங்கள் எவ்வளவு பாத்துப் பாத்து வாங்கிக் குடுத்தனீங்கள் ரீச்சர். இவங்கள் ரெண்டு பேரும் எங்கையோ கண்ட கள்ளச் சாமானை மாத்திப் போட்டிருப்பாங்கள். அதை வித்தவன் நல்லாயிருப்பானே? அவன் நாசமாப் போக."

நான் கையை இழுக்கவில்லை. இழுத்தால் ஏன் என்று கேட்பாள். சிமெந்துப் படியில் அமுங்கிய அந்தச் சத்தம் எனக்கு அப்போதுதான் ஒழுங்காகக் கேட்டது. அவள் கோயிலுக்கு நேர்த்தி வைத்தாள், அழுதாள், மண்ணை அள்ளித் தூற்றி யாரென்று தெரியாத ஒருவனைச் சபித்தாள். கைப்பைக்குள் காந்தம் கிடந்தது. எடுத்துக் கடலில் வீசலாமென்று நினைத்தேன். அதற்கும் அவளிடம் காரணம் சொல்ல வேண்டியிருக்கும்.

ஒரு மணிக்கு ஒரு படகு திரும்பி வந்தது. காணவில்லை என்றார்கள். எரிபொருள் எடுத்துக்கொண்டு மறுபடியும் போனார்கள். அவர் இல்லாமல் போனால் நான்தான் அவரைக் கொன்றவள் என்று எனக்குள் ஒரு குரல் சொல்லிக்கொண்டே இருந்தது.

மூன்றரை மணிக்கு அவள்தான் முதலில் கண்டாள். "கட்டியிழுத்துக்கொண்டு வாறாங்கள்!" என்று எழுந்து ஓடினாள். எனக்கு இரண்டும் ஒரே புள்ளியாகத்தான் தெரிந்தன. நெடுநேரம் கழித்துத்தான் முன்னால் ஒரு படகு, பின்னால் ஒரு படகு, அதற்குள் செம்மஞ்சள் நிறத்தில் இரண்டு பேர் என்று பிரித்துப் பார்க்க முடிந்தது.

பக்கத்து வீட்டுக்காரி தன் மனுசனின் முதுகில் அடித்து அடித்து அழுதாள். என் கணவர் தானாக நடந்து என்னிடம் வந்தார். உதடு வெடித்து, முகம் கறுத்திருந்தது. கூடி நின்றவர்கள் என்ன நடந்ததென்று கேட்டார்கள்.

"கயிறுதான். அடியில கல்லில உரசி அறுந்திட்டுது" என்றார், எல்லோருக்கும் கேட்கும்படியாக.

நான் பக்கத்து வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு அங்கியின் வாரைக் கழற்றத் தொடங்கினார். இரண்டு பேரும் கடலுக்குள்ளேயே இதைப் பேசி முடித்துவிட்டு வந்திருக்கிறார்கள் என்று விளங்கியது.

அடுத்த நாள் அந்தக் கயிறு முற்றத்து வேலியில் காயப் போட்டிருந்தது. நான் அதன் நுனியைத் தேடிப் பிடித்தேன். ஷக்கிளைக் கொழுவுவதற்காக அவர் தன் கையால் பின்னிய வளையம் அப்படியே இருந்தது. ஓர் இழை அறவில்லை. நான் வளையத்தைப் பிடித்தபடி நிற்பதை அவர் கண்டார். வீட்டுக்குள் போய், தகரப் பேணி ஒன்றிலிருந்து பாதி ஷக்கிளைக் கொண்டு வந்து என் கையில் வைத்தார்.

வெளியில் இன்னும் மினுக்கம் போகவில்லை. முறிந்த இடத்தில் மட்டும் சாம்பல் நிறமாக, ரவை மாதிரிக் குறுணிக் குறுணியாக இருந்தது. அது சில்வர் இல்லை. நாகம் என்கிற மலிவான உலோகத்தை அச்சில் வார்த்து, மேலே பூச்சுப் பூசியிருக்கிறார்கள். காந்தம் நாகத்தைக் கவராது. செம்பையும் கவராது, அலுமினியத்தையும் கவராது. வருடா வருடம் இதைக் கரும்பலகையில் நிரல் போட்டு எழுதி, பிள்ளைகளைச் சத்தமாகச் சொல்ல வைக்கிறவளே நான்தான்.

"ஏன் கயிறெண்டு சொன்னனீங்கள்?"

"வேற என்னத்தைச் சொல்ல? நீர் இந்தக் கரையில தலை நிமிர்ந்து இருக்க வேண்டாமே?"

அவர் திட்டியிருந்தால் நான் பதிலுக்குக் கத்தியிருப்பேன். அதற்கும் இடம் தரவில்லை. அந்த மனிதரில் எனக்கு அன்று வந்த கோபமும் அன்பும் ஒன்றாகவே வந்தன. இரண்டையும் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் குசினிக்குள் போய்த் தேங்காய் துருவினேன்.

பத்து நாள் கழித்துப் பக்கத்து வீட்டுக்காரி ஒரு பையில் மீனோடு வந்தாள்.

"ரீச்சர், என்ர தம்பியும் போட் எடுத்திட்டான். சனிக்கிழமை சாமான் வாங்கப் போறான். உங்கட காந்தத்தையும் கொண்டு நீங்கள் ஒருக்கா அவனோட போகவேணும். அவன் கடைக்காரன் சொல்லுறதெல்லாத்தையும் நம்புவான்."

முற்றத்தில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த என் கணவரின் கை நின்றது. "ரீச்சருக்குச் சனிக்கிழமை வகுப்பிருக்கு. நான் போறன் அவனோட" என்றார்.

எனக்குச் சனிக்கிழமை ஒரு வகுப்பும் இல்லை. தலையை ஆட்டிவிட்டுப் பேசாமல் இருந்திருக்கலாம். தம்பி சரியான சாமானோடு வந்திருப்பான், என் பெயரும் கெட்டிருக்காது. ஆனால் அவளுக்கு மூன்று தம்பிமார். அந்தக் கரையில் எத்தனையோ பெண்கள் எங்கெங்கோ ஒரு காந்தத்தைத் தேடி எடுத்து வைத்திருக்கிறார்கள், நான் காட்டிக் கொடுத்ததால்.

"அறுந்தது கயிறில்லை" என்றேன். "ஷக்கிள்தான் முறிஞ்சது. நான் காந்தம் வைச்சுப் பாத்து எடுத்த ஷக்கிள். இவர் வேண்டாமெண்டுதான் சொன்னவர்."

அவள் என் கணவரைப் பார்த்தாள். அவர் வலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடற்கரையில் தன் மடியில் வைத்திருந்த என் கையை அவள் பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன், திட்டவில்லை. மீன் பையைத் திருப்பிக்கொண்டு போகவும் இல்லை. பையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்.

"அப்ப நல்லது எதெண்டு எப்பிடிப் பாக்கிறது ரீச்சர்?"

வகுப்பில் எந்தப் பிள்ளை எதைக் கேட்டாலும் நான் ஏதாவது ஒரு பதில் சொல்லியிருக்கிறேன். அவள் முகத்தைப் பார்த்தேன்.

"எனக்குத் தெரியாது" என்றேன்.